தலசீமியா பிள்ளைக்குக் கொடுக்கும் சீலேஷனும் இதய அடைப்புக்கு ஏற்றும் சீலேஷனும் ஒன்றா?

செங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 64, சர்க்கரை உண்டு, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அட்டாக் வந்துபோனது. ஆஞ்சியோ எடுத்ததில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நெஞ்சைத் திறப்பார்கள் என்றதும் அப்பாவுக்குப் பயம். தெரிந்தவர் ஒருவர், "ஆபரேஷன் எதுக்கு? வாரம் ஒண்ணா 30 டிரிப்ஸ் சீலேஷன் ஏத்தினா அடைப்பு கரைஞ்சு ஓடிரும்" என்று ஒரு கிளினிக்கைக் காட்டியிருக்கிறார். அதே தெருவில் தலசீமியா உள்ள ஒரு பையனுக்குத் திருவனந்தபுரத்தில் பெரிய டாக்டர்களே சீலேஷன் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். "அந்தப் பிள்ளைக்கு நல்லது என்றால் அப்பாவுக்கும் நல்லதுதானே?" என்பது கேள்வி.

இரண்டும் ஒன்றல்ல தம்பி. அந்தப் பையனுக்கு அது உயிர் காக்கும் மருந்து. உங்கள் அப்பாவுக்கு அது பலன் நிரூபிக்கப்படாத, செலவும் ஆபத்தும் உள்ள ஒரு டிரிப்ஸ். பெயர் ஒன்றாக இருப்பதால்தான் குழப்பம். நான் புளியரைக்கு இந்தப் பக்கம் பிறந்து, மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் 28 வருடம் வேலை பார்த்தவன். இந்த மருந்துகள் எல்லாம் என் கை வழியாகப் போனவை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வயல் வரப்பில் நண்டு வளைக்குள் விரலை விட்டு ஒருமுறையாவது கடி வாங்காத பையன் நம் பக்கம் கிடையாது. நண்டு இரண்டு பக்கமும் சேர்த்துக் கவ்வும், உதறினாலும் விடாது. கிரேக்க மொழியில் 'கீலே' என்றால் அந்தக் கொடுக்கு. 1920-ல் மார்கன், ட்ரூ என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் அதிலிருந்துதான் சீலேஷன் என்பதற்கான சொல்லை உருவாக்கினார்கள். தமிழில் கொடுக்கிணைப்பு என்பார்கள், பொருத்தமான சொல். ஒரு பெரிய மூலக்கூறு ஓர் உலோக அணுவை ஒரே இடத்தில் தொடாமல் இரண்டு, நான்கு, ஆறு இடங்களில் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஒரு பிடி தளர்ந்தாலும் மற்றவை விடுவதில்லை.

இது ஆஸ்பத்திரியில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல. கார்த்திகைக்குப் பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, புளியில் இருக்கிற டார்ட்டாரிக் அமிலம் கறையைக் கரைத்து, கரைந்த செம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போகிறது. புளியங்குடி பக்கம் எலுமிச்சைத் தோப்பு வைத்திருப்பவர்கள் உரக்கடையில் 'சீலேட்டட் ஜிங்க்' என்று கேட்டு வாங்குவார்கள். பாக்கெட்டில் இ.டி.டி.ஏ. என்று போட்டிருக்கும், உலோகத்தைக் கவ்விப் பிடிக்கிற ஒரு ரசாயனம் அது. சுண்ணாம்பு மண்ணில் வெறும் ஜிங்க் சல்பேட் போட்டால் மண்ணே அதைக் கட்டிப்போட்டுவிடும். இ.டி.டி.ஏ.வின் பிடிக்குள் இருந்தால் கட்டுப்படாமல் செடிக்குக் கிடைக்கும். அந்த இ.டி.டி.ஏ.வை 1935-ல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் முன்ஸ் என்பவர் தயாரித்தபோது மருத்துவம் யார் மனதிலும் இல்லை. துணிக்குச் சாயம் ஏற்றும் இடத்தில் கடினநீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்து ஒதுக்க ஒரு பொருள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அடுத்த தடவை அப்பாவுக்கு லேபில் ரத்தம் எடுக்கும்போது ஊதா மூடி போட்ட சின்னக் குழாயைக் கவனியுங்கள். அதன் உள்சுவரில் பூசியிருப்பது அதே இ.டி.டி.ஏ.தான். ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். குழாய்க்குள் வந்த ரத்தத்தின் கால்சியத்தை இ.டி.டி.ஏ. கவ்விக்கொள்வதால் ரத்தம் மணிக்கணக்கில் உறையாமல் அப்படியே கிடக்கிறது. இந்தக் குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

மருந்தாகச் சீலேஷன் வந்தது போரில். முதல் உலகப்போரின் கடைசியில் லூயிசைட் என்று ஆர்சனிக் கலந்த ஒரு விஷவாயுவை உருவாக்கியிருந்தார்கள். இரண்டாம் உலகப்போர் மூண்டதும் ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் குழு அதற்கு ஒரு முறிவைத் தேடி, டைமெர்காப்ரால் என்ற மருந்தைக் கண்டுபிடித்தது. உடம்பின் புரதங்களில் ஆர்சனிக் போய் ஒட்டுகிற இடம் கந்தகம். அதைவிட வசதியாக இரண்டு கந்தகங்களை அருகருகே வைத்துக்கொண்டு இந்த மருந்து அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கடலை எண்ணெயில் கரைத்து, சதையில் ஆழமாகப் போடுகிற ஊசி. ரொம்ப வலிக்கும். குப்பியைத் திறந்தாலே பூண்டு வாடை மாதிரி ஒரு நெடி அறை முழுக்க நிற்கும். கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதைப் போடக்கூடாது என்பதை நாங்கள் ஒவ்வொரு தடவையும் கேட்டு உறுதி செய்துகொள்வோம்.

இப்போது உங்கள் தெருப் பையனுக்கு வருகிறேன். தலசீமியா மேஜர் என்றால் உடம்பு சரியான ஹீமோகுளோபினை உண்டாக்க முடியாது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆகவேண்டும். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வருகிறது. உடம்பால் ஒரு நாளைக்கு வெளியேற்ற முடிவது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். அதிக இரும்பைத் தள்ளுவதற்கென்று உடம்பில் ஒரு வழியே கிடையாது. மூன்று வாரத்துக்கு ஒரு யூனிட் என்று வையுங்கள்: வருடத்துக்கு 17 யூனிட், ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கேகால் கிராம் இரும்பு. நன்றாக இருக்கிற ஒரு பெரிய ஆளின் உடம்பில் உள்ள மொத்த இரும்பே மூன்று, நான்கு கிராம்தான். அத்தனையும் கல்லீரலில், இதயத்தில், கணையத்தில், வளர்ச்சிக்கான சுரப்பிகளில் போய்த் தங்குகிறது. அந்தக் காலத்தில் ரத்தம் மட்டும் ஏற்றி வளர்த்த பிள்ளைகள் மீசை முளைக்கிற வயதில் இதயம் செயலிழந்து போனார்கள். ரத்தம் காப்பாற்றியது, ரத்தத்தோடு வந்த இரும்பு கொண்டுபோனது.

இதற்கு முதலில் வந்த நல்ல மருந்து டெஸ்ஃபெரியாக்ஸமின். மண்ணில் வாழ்கிற ஒரு நுண்ணுயிர் தனக்கு வேண்டிய இரும்பைப் பிடிக்க ஒரு கொடுக்கை உண்டாக்குகிறது. அதையே எடுத்து 1960-களில் மருந்தாக்கினார்கள். ஆனால் வாயால் சாப்பிட முடியாது. வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைக் குத்தி, ஒரு சின்ன பம்பை இடுப்பில் கட்டி, இரவு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்தாறு நாள். குத்திய இடமெல்லாம் கட்டிகட்டியாக வீங்கும். எத்தனை தாய்மார்கள் தூங்குகிற பிள்ளையின் சட்டையைத் தூக்கி, நேற்றுக் குத்தாத இடத்தைத் தடவித் தேடியிருப்பார்கள்! அப்புறம் டெஃபெரிப்ரோன் என்ற மாத்திரை வந்தது. அதற்கு உலகத்திலேயே முதலில் அனுமதி கிடைத்தது நம் நாட்டில்தான், 1990-களின் நடுவில். 2005-ல் அமெரிக்காவில் டெஃபெராசிராக்ஸுக்கு அனுமதி கிடைத்தது, ஒரு நாளைக்கு ஒரே வேளை. உங்கள் தெருப் பையன் சாப்பிடுவது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

டெஃபெராசிராக்ஸில் தண்ணீரில் கரைக்கிற மாத்திரை என்றால் அதைக் கொடுக்க ஒரு முறை இருக்கிறது. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். ஒரு டம்ளர் தண்ணீரிலோ ஆரஞ்சு ஜூஸிலோ போட்டுக் கலக்கினால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக வரும், முழுசாகக் கரையாது. குடித்த பிறகு டம்ளர் அடியில் படிந்து நிற்கும். மறுபடி கொஞ்சம் ஊற்றி அலசி அதையும் குடிக்க வைக்கவேண்டும். அந்த அடிமண்டியைக் கழுவி ஊற்றிவிட்டு, "மருந்து வேலை செய்யலை" என்று வந்த வீடுகள் உண்டு.

ஆரியங்காவைத் தாண்டி வந்து போகிற ஒரு தாய் ஒருமுறை மருந்துச் சீட்டை நீட்டாமலே நின்றார். "அண்ணாச்சி, இதக் குடிச்சா பிள்ளைக்கு வயித்தால போவுது. ஒரு மாசமா நிறுத்திட்டேன். ரத்தம் ஏத்துறமே, அது போதாதா?" என்றார். பையனின் ஃபெரிட்டின் ரிப்போர்ட், அதாவது உடம்பில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, 4,000-ஐத் தாண்டியிருந்தது. 1,000-ஐத் தாண்டும்போதே சீலேஷனைத் தொடங்கவேண்டும் என்பது கணக்கு. வயிற்றுப்போக்கு இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுதான், அதற்கு அளவைக் குறைப்பார்கள் அல்லது மருந்தை மாற்றுவார்கள். நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கையோடு அழைத்துப்போய் மருந்தை மாற்ற வைத்தோம். டெஃபெரிப்ரோன் கொடுத்தால் சிறுநீர் செம்பழுப்பாகப் போகும், அது பிடிபட்ட இரும்பு, பயப்பட வேண்டாம். ஆனால் அந்த மருந்தில் சிலருக்கு வெள்ளையணுக்கள் திடீரென்று குறையும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும்.

தலசீமியா பிள்ளை வெளுத்துத் தெரிகிறது என்று பாட்டிகள் இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுப்பார்கள். தயவுசெய்து கூடாது. வெளியே எடுக்கப் போராடுகிற பொருளை மறுபடி உள்ளே ஊற்றுவது அது.

இரும்பு மாத்திரை பற்றி இன்னொன்று. கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கிற சிவப்புச் சத்து மாத்திரையை வீட்டுக் குழந்தை மிட்டாய் என்று நினைத்து ஒரு கை நிறைய விழுங்கிவிடுவது உண்டு. முதலில் வாந்தி, அப்புறம் சில மணி நேரம் குழந்தை தேறிவிட்டது போலத் தெரியும். அந்தத் தேறலை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ரத்தத்தில் இரும்பு ஏறிவிட்டால் அதற்கும் முறிவு அதே டெஸ்ஃபெரியாக்ஸமின்தான், நரம்பு வழியாக.

அடுத்தது காரீயம். தமிழில் ஈயம் என்று ஒரே சொல்லை இரண்டு உலோகத்துக்கும் சொல்லிவிடுகிறோம். வெள்ளீயம் பாத்திரத்துக்குப் பூசுவது, ரசம் வைக்கிற சொம்பு செய்வது. காரீயம் பேட்டரியில் இருப்பது, விஷம். நம் பக்கம் உருளிக்கும் பித்தளைப் பானைக்கும் ஈயம் பூச ஆள் வருவார். பாத்திரத்தை அடுப்பில் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயக் கட்டியை ஒரு தேய்ப்புத் தேய்த்து, பஞ்சால் ஒரே இழுப்பு இழுப்பார். உள்பக்கம் நிலா மாதிரி ஆகிவிடும். வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. கலப்படம் நுழைவது அங்கேதான். சுத்தமான வெள்ளீயக் கம்பியை வளைத்தால் நெறுநெறுவென்று சத்தம் வரும், காரீயத்தைக் காகிதத்தில் இழுத்தால் பென்சில் போலக் கோடு விழும். ஆனால் கொஞ்சமாகக் கலந்ததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. கலப்படச் சொம்பில் புளி ரசம் கொதித்தால், விளக்கின் கறையை எடுத்த அதே புளி காரீயத்தையும் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். நம்பிக்கையான இடத்தில் வாங்காத ஈயச் சொம்பில் குழந்தைகளுக்கு ரசம் வைக்காதீர்கள் என்று என் வீட்டிலேயே சொல்லி வைத்திருக்கிறேன்.

மருந்துகளிலும் இந்தப் பெயர்க் குழப்பம் உண்டு, அதுவும் நம்மைப் போல எல்லையில் இருப்பவர்களுக்கு. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். மலைக்கு அந்தப் பக்கம் ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் காரீயம். அம்பாசமுத்திரத்தில் கேட்ட பெயரைப் புனலூரில் சொல்லி வாங்கினால் வேறு உலோகம் கைக்கு வரலாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். 14-ல் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. முறையாகப் படித்த வைத்தியர் பார்வையில் இல்லாமல் பற்பம், செந்தூரம் எதையும் மாதக்கணக்கில் சாப்பிடக் கூடாது. காரணம் தெரியாத வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை மூன்றும் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் காரீயம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

குழந்தையின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருந்தால்தான் சீலேஷன். சக்சிமர் என்ற கேப்ஸ்யூல் கொடுப்பார்கள், திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். மூளையைப் பாதித்திருந்தால் டைமெர்காப்ரால் ஊசியும், பிறகு கால்சியம் சேர்த்த இ.டி.டி.ஏ.வும். 45-க்குக் கீழே என்றால்? 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளுக்கு அமெரிக்காவில் சக்சிமர் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் காரீயம் குறைந்தது, ஆனால் அறிவுத்திறன் பரிசோதனையில் மருந்து சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் சாப்பிடாத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. 2001-ல் வந்த முடிவு இது. எண் குறைந்தது என்பதும் பிள்ளை தேறியது என்பதும் வேறு வேறு. காரீயம் பெரும்பாலும் எலும்பில் போய்த் தங்குகிறது, ரத்தத்தில் குறைத்தால் எலும்பிலிருந்து மறுபடி ஊறி வரும். எந்தச் சொம்பு, எந்தப் பட்டறை, எந்த மருந்து என்று கண்டுபிடித்து அதை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம்.

வில்சன் நோய் பற்றிச் சுருக்கமாக. செம்பை வெளியேற்ற முடியாமல் கல்லீரலிலும் மூளையிலும் அது சேர்கிற பரம்பரை நோய். கருவிழியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் தெரியலாம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும், அதனால் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடிக்கிற குடும்பங்களில் வாய்ப்பு அதிகம். 1956-ல் ஜான் வால்ஷ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பெனிசிலமைன் மாத்திரையை இதற்குக் கொண்டுவந்தார். வாழ்நாள் முழுக்கச் சாப்பிடவேண்டும். நடுவில் நிறுத்தியவர்கள் மோசமாகத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். பதின்வயதுப் பிள்ளைக்குக் கை நடுங்கி, பேச்சுக் குழறி, கையெழுத்துக் கோணினால் மந்திரிக்கப் போவதற்கு முன்னால் நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இத்தனையிலும் ஒரு பொது விஷயம் இருக்கிறது. எந்த உலோகம், எவ்வளவு இருக்கிறது என்று முதலில் அளக்கிறார்கள். அந்த உலோகத்துக்கு ஏற்ற கொடுக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குறைகிறதா என்று மறுபடி அளக்கிறார்கள்.

உங்கள் அப்பாவின் இதயக் குழாயில் அப்படிப் பிடித்து இழுக்க என்ன உலோகம் இருக்கிறது? அடைப்பு என்பது கொழுப்பு, நார்த்திசு, வீக்கத்தில் வந்து சேர்ந்த செல்கள், அவற்றோடு படிந்த கால்சியம். 1950-களில் அமெரிக்காவில் சில மருத்துவர்கள், இ.டி.டி.ஏ. அந்தக் கால்சியத்தைப் பிடுங்கினால் அடைப்பு தளர்ந்துவிடும் என்று நினைத்தார்கள். அன்றைக்கு அது நேர்மையான ஊகம். ஆனால் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் பல வருடமாக இறுகிய படிவத்தை ரத்தத்தில் ஓடுகிற மருந்து கரைத்து எடுத்ததாக யாரும் நிரூபித்துக் காட்டவில்லை.

பெரிய அளவில் சோதித்தும் பார்த்தார்கள். அட்டாக் வந்துபோன 1,708 பேரில் பாதிப் பேருக்கு 40 டிரிப்ஸ் இ.டி.டி.ஏ., பாதிப் பேருக்கு வெறும் டிரிப்ஸ். 2013-ல் முடிவு வந்தது. மரணம், மறுபடி அட்டாக் போன்ற பாதிப்புகள் சீலேஷன் எடுத்தவர்களில் 26 சதவீதம், எடுக்காதவர்களில் 30 சதவீதம். சின்ன வித்தியாசம், சர்க்கரை உள்ளவர்களிடம் நன்றாகவே கூடுதலாகத் தெரிந்தது. கிளினிக்காரர்கள் காட்டுவது இந்த ஆய்வைத்தான். அதனால் சர்க்கரையும் பழைய அட்டாக்கும் உள்ள சுமார் ஆயிரம் பேரை வைத்து, அதாவது உங்கள் அப்பாவைப் போன்றவர்களை வைத்தே, மறுபடி செய்தார்கள். 2024-ல் முடிவு வெளியானது: சீலேஷன் எடுத்தவர்களில் 35.6 சதவீதம், எடுக்காதவர்களில் 35.7 சதவீதம். ரத்தத்தில் காரீயம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது, இதயத்துக்கு ஒரு பலனும் இல்லை. இந்த இரண்டாவது ஆய்வைக் கிளினிக்கில் யாரும் காட்டமாட்டார்கள், நீங்களே கேளுங்கள்.

இப்போது அந்த ஊதா மூடிக் குழாய். அதற்குள் நடப்பது நரம்புக்குள் நடந்தால்? இதயம் துடிக்கவும் கால்சியம் வேண்டும். இ.டி.டி.ஏ.வில் இரண்டு வகை உண்டு. காரீயத்துக்குக் கொடுப்பதில் ஏற்கெனவே கால்சியத்தைக் கோத்திருப்பார்கள், அதனால் அது ரத்தத்தின் கால்சியத்தைத் தொடாது. இதய அடைப்புக்கு என்று ஏற்றுவது கால்சியம் இல்லாத டைசோடியம் வகை. வேகமாக ஏற்றினால் ரத்தத்தின் கால்சியம் சரிந்து இதயம் நின்றுபோகும். 2003-க்கும் 2005-க்கும் இடையில் அமெரிக்காவில் இப்படி மூன்று பேர் இறந்தது பதிவாகியிருக்கிறது. அதில் ஒருவன் ஐந்து வயதுப் பையன், ஆட்டிசத்துக்குச் சீலேஷன் என்று அழைத்துப்போயிருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கும் இதனால் பலன் கிடையாது. குப்பிமேல் இரண்டு பெயர்களும் ஒரு சொல் வித்தியாசத்தில்தான் இருக்கும், எங்கள் மருந்தகத்தில் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்க நான் விட்டதே இல்லை. சிறுநீரகம் பாதிப்பதும் உண்டு, சர்க்கரைக்காரருக்கு ஏற்கெனவே அங்கேதான் பலவீனம்.

சில இடங்களில் முதலில் ஒரு சீலேஷன் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரைச் சோதித்து, "பாருங்கள், உடம்பெல்லாம் விஷ உலோகம்" என்று சிவப்புக் கோடு போட்ட ரிப்போர்ட் தருவார்கள். மருந்து கொடுத்தால் யாருடைய சிறுநீரிலும் உலோகம் கூடத்தான் செய்யும். அந்த எண்ணை ஒப்பிட சரியான அளவுகோலே கிடையாது. அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை, ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிற அந்த 30 வாரம். சர்க்கரையும் பல குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரை வைத்து ஸ்டென்டையும் பைபாஸையும் ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2012-ல் வந்தது. ஐந்து வருடத்தில் மரணம், அட்டாக், பக்கவாதம் ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 18.7 சதவீதம். அப்பாவுக்குப் பைபாஸ் சொன்ன டாக்டர் காரணமில்லாமல் சொல்லவில்லை. பயம் நியாயமானது, அதைப் பேசித்தான் தீர்க்கவேண்டும். ஆஞ்சியோ சிடியை எடுத்துக்கொண்டு திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ இன்னொரு இதய அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையோடு இருந்தால் என்ன ஆகும், செய்தால் என்ன ஆகும் என்று அப்பாவையே கேட்கவிடுங்கள். ஆபரேஷன் செய்துகொண்டு நடமாடுகிற ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து அவரோடு பேசவைத்தால் இன்னும் நல்லது. அதுவரை ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதையும் ஒரு நாள்கூட விடவேண்டாம். டிரிப்ஸுக்கு முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள், கொடுக்காவிட்டாலும் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

தெருப் பையனின் வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தலசீமியா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது, அதற்கான சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். டம்ளரின் அடியில் நிற்கிறதை அலசிக் கொடுக்கிறார்களா என்றும்.